வலைப்பக்கம் கற்பிக்க எந்தக் கருவி?

பதினொன்றாம் வகுப்பு கணினிப் பயன்பாடுகள் பாடநூலில் எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய மூன்றும் இடம்பெற்றுள்ளன. பன்னிரண்டாம் வகுப்பில் பி.எச்.பி. வருகிறது. இந்தப் பகுதிக்கு வந்ததும் மாணவர்கள் முதலில் கேட்பது, "சார், எந்த சாஃப்ட்வேர்ல செய்யணும்?" என்பதுதான். புதிதாகப் பாடமெடுக்க வரும் ஆசிரியர்களும் இதையே கேட்கிறார்கள். தேடினால் பதில்களுக்குக் குறைவில்லை. இலவச மென்பொருள்கள், கட்டண மென்பொருள்கள், இழுத்துவைத்தால் பக்கம் தயாராகும் தளங்கள், யூடியூப் தொடர்கள், கைபேசிச் செயலிகள், கேட்டவுடன் முழுப்பக்கத்தையே எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு எனப் பட்டியல் நீள்கிறது.

சங்கரன்கோவில் பகுதியில் அரசுப் பள்ளியில் கணினிப் பாடம் எடுத்துவரும் அனுபவத்தில் நான் கடைப்பிடிப்பது இதுதான்: தொடக்கநிலையில் ஒரு எளிய எடிட்டர், ஓர் உலாவி. படிக்கப் பாடநூல், ஐயம் தீர்க்க ஒரு தளம். இதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

நம் மாணவர்களில் பலருக்கு வீட்டில் கணினி இல்லை. தறிக்கூடத்திலோ பூ மார்க்கெட்டிலோ வேலை பார்க்கும் பெற்றோரின் கைபேசி மாலையில்தான் கைக்குக் கிடைக்கும். வாரத்தில் ஓரிரு ஆய்வகப் பாடவேளைகளே அவர்கள் கணினியைத் தொடும் நேரம். அந்த நேரத்தில் பாதி மென்பொருளைத் திறப்பதிலும் கடவுச்சொல்லைத் தேடுவதிலும் கழிந்தால், வீட்டில் கணினி உள்ள மாணவர் ஈடுசெய்துகொள்வார். இல்லாத மாணவரால் முடியாது. எனவே கருவித் தேர்வை நம் வகுப்பறையில் சமவாய்ப்பு சார்ந்த முடிவாகவே பார்க்க வேண்டும்.

வலைப்பக்கம் என்பது வெறும் எழுத்துக் கோப்பு

கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன் வலைப்பக்கம் எப்படி உருவாகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். கணினிப் பாடம் எடுக்காத ஆசிரியர்களுக்காகவும் இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

சுவிட்சர்லாந்தில் உள்ள செர்ன் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ, 1989இல் உலகளாவிய வலைக்கான திட்டத்தை முன்வைத்தார். 1991இல் அது பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. 1993 ஏப்ரல் 30 அன்று அந்த மென்பொருளை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என செர்ன் அறிவித்தது. அந்தத் திட்டத்தின் முதற்பக்கத்தினுடைய 1992ஆம் ஆண்டுப் படி இன்றைய கைபேசி உலாவியிலும் திறக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் திறப்பதற்குக் காரணம், அது சாதாரண எழுத்துக் கோப்பு என்பதே. எது தலைப்பு, எது பத்தி, எது இணைப்பு என்று குறிக்கும் ஒட்டுகள் அந்த எழுத்துகளுக்கு இடையே இருக்கும். அவ்வளவுதான் எச்.டி.எம்.எல்.

மாணவர்களுக்கு இதைக் கல்யாணப் பத்திரிகையைக் காட்டி விளக்குகிறேன். மணமக்கள் பெயர், நாள், நேரம், மண்டபம் ஆகிய செய்திகளும் அவற்றின் வரிசையும் எச்.டி.எம்.எல். மஞ்சள் தாள், சிவப்பு எழுத்து, ஓரத்தில் வரும் கரை ஆகிய தோற்றம் சி.எஸ்.எஸ். ஒரே செய்தியை வேறு அச்சகத்தில் கொடுத்தால் வேறு தோற்றத்தில் வரும்; செய்தி மாறாது. ஜாவாஸ்கிரிப்டுக்குத் தாளில் உவமை கிடையாது. தொட்டால் மண்டபத்துக்கு வழி காட்டும் பத்திரிகையைக் கற்பனை செய்துகொள்ளச் சொல்வேன்.

எழுத்துக் கோப்பு என்பதால், எழுத்துகளைச் சேமிக்கத் தெரிந்த எந்த மென்பொருளிலும் வலைப்பக்கம் எழுதலாம். இது புரிந்துவிட்டால், "எந்த சாஃப்ட்வேர்?" என்ற கேள்வியின் பாரம் பாதி குறைந்துவிடும்.

நான்கு கேள்விகள்

யாராவது ஒரு கருவியைப் பரிந்துரைத்தால் நான் நான்கு கேள்விகள் கேட்டுப் பார்ப்பேன்.

1. இணைய இணைப்பு இல்லாதபோதும் இயங்குமா? தமிழ்நாட்டில் 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் வழங்கப்பட்டுள்ளன. இருந்தாலும் மழைக்காலத்தில் இணைப்பு அறுபடும். தேர்வுப் பணிகளுக்காகவும் இணையம் தேவைப்படும். இணையத்தை நம்பியே நடக்கும் பாடம் அன்று நின்றுபோகும்.

2. கணக்குத் தொடங்கச் சொல்கிறதா? மின்னஞ்சல், கைபேசி எண், ஓ.டி.பி. என்று கேட்டால், அந்த ஓ.டி.பி. தறிக்கூடத்தில் இருக்கும் அப்பாவின் கைபேசிக்குத்தான் போகும். பாடம் அங்கேயே நின்றுவிடும்.

3. மாணவர் எழுதியது என்ன, கருவி எழுதியது என்ன என்று பிரித்துப் பார்க்க முடிகிறதா? முடியாவிட்டால், பக்கம் அழகாக வந்தாலும் கற்றல் நடந்ததா என்பது நமக்குத் தெரியாது.

4. நாளை அந்தக் கருவி நிறுத்தப்பட்டால் மாணவர் செய்தது மிஞ்சுமா? ஒரு காலத்தில் கணினி மையங்களில் பரவலாகக் கற்பிக்கப்பட்ட மைக்ரோசாஃப்ட் ஃப்ரன்ட்பேஜ் 2006இல் கைவிடப்பட்டது. பல லட்சம் பேர் தங்கள் பக்கங்களை வைத்திருந்த ஜியோசிட்டீஸ் தளம் 2009இல் மூடப்பட்டது. அசைவூட்டத்துக்குப் பெயர்பெற்ற ஃப்ளாஷ் 2020 டிசம்பர் 31உடன் ஆதரவை இழந்தது. இவற்றை மட்டுமே கற்றவர்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். எச்.டி.எம்.எல். கற்றவர்களுக்கு அந்த நிலை வரவில்லை.

நமக்கு நெருக்கமான சான்று மதுரைத் திட்டம். 1998 பொங்கல் நாளில் தன்னார்வலர்கள் தொடங்கிய இத்திட்டம் பழந்தமிழ் இலக்கியங்களை மின்பதிப்பாக்கி இலவசமாகத் தருகிறது. தொடக்ககாலக் கோப்புகள் டிஸ்கி போன்ற அன்றைய குறியாக்கங்களில் இருந்தன. பின்னர் யுனிகோட் பரவியபோது அவற்றை மாற்ற முடிந்தது. உள்ளிருந்தது எளிய எழுத்துக் கோப்பு என்பதால்தான் அது சாத்தியமாயிற்று.

எந்த எடிட்டர்?

முதல் மூன்று, நான்கு வாரங்களுக்கு விண்டோஸில் உள்ள நோட்பேட் போதும். லினக்ஸ் கணினிகளில் ஜிஎடிட் போன்ற உரை எடிட்டர் இருக்கும். எதையும் நிறுவ வேண்டியதில்லை. நிர்வாகி கடவுச்சொல்லும் தேவையில்லை. மாணவர் எழுதாத ஓர் எழுத்துகூட அதில் தானாக வராது. ஒட்டைத் திறந்துவிட்டு மூடாமல் விட்டால், அந்தப் பிழை முழுக்க அவருடையதாகவே இருக்கும். அதைத் தேடிக் கண்டுபிடிப்பதில்தான் பாடமே இருக்கிறது.

நோட்பேடில் கவனிக்க வேண்டியவை இரண்டு. சேமிக்கும்போது கோப்பு வகையில் 'ஆல் ஃபைல்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சில கணினிகளில் கோப்பின் பெயருக்குப் பின்னால் 'டாட் டிஎக்ஸ்டி' சேர்ந்துகொள்ளும். உலாவியில் பக்கத்துக்குப் பதில் ஒட்டுகளே தெரியும். இரண்டாவது, குறியாக்கத்தில் யுடிஎஃப்-8 இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

ஒட்டுகளைத் தடுமாறாமல் எழுதத் தொடங்கிய பிறகு நோட்பேட்++ அல்லது விஷுவல் ஸ்டூடியோ கோடுக்கு மாற்றலாம். இரண்டும் இலவசம். ஒட்டுகளை வண்ணத்தில் பிரித்துக் காட்டுவதால் பிழை கண்ணில் படும். பழைய கணினிகளில் நோட்பேட்++ இலகுவாக ஓடும். விஷுவல் ஸ்டூடியோ கோடில் வசதிகள் அதிகம், நினைவகத் தேவையும் அதிகம்.

கூகுள் சைட்ஸ், வேர்ட்பிரஸ் போன்றவை வேண்டவே வேண்டாமா? வேண்டும், ஆனால் வேறு வேலைக்கு. ஆண்டு விழாவுக்குள் பள்ளிக்கு ஒரு தளம் தயாராக வேண்டும் என்றால் அவைதான் ஏற்றவை. வலைப்பக்கம் எப்படி உருவாகிறது என்று கற்பிக்க அவை ஏற்றவை அல்ல. சமைக்கக் கற்றுக்கொடுக்கும் வகுப்பில் பார்சல் வாங்கிவந்து பிரித்து வைத்ததுபோல் ஆகிவிடும்.

உலாவியையும் கற்பிக்கும் கருவியாகவே கொள்ள வேண்டும். எந்தப் பக்கத்திலும் வலது பொத்தானை அழுத்தி 'வியூ பேஜ் சோர்ஸ்' கொடுத்தால் அதன் எச்.டி.எம்.எல். முழுவதும் தெரியும். எஃப்12 விசையை அழுத்தினால் எந்தப் பகுதிக்கு எந்த சி.எஸ்.எஸ். விதி பொருந்துகிறது என்று பார்க்கலாம். அங்கேயே நிறத்தை மாற்றிச் சோதிக்கலாம். மூலக்கோப்பு மாறாது என்பதால் பயமின்றி முயலலாம்.

தமிழில் எழுதும்போது வரும் சிக்கல்

வலைப்பக்கப் பாடத்தில் நம் மாணவர்கள் அதிகம் சோர்ந்துபோகும் இடம் இதுதான். ஆங்கிலத்தில் எழுதியது சரியாக வரும். தமிழில் எழுதியது குப்பையாக வரும். "தமிழ்ல வராது போல" என்று ஆங்கிலத்துக்கே போய்விடுவார்கள். அந்த முடிவுக்கு அவர்கள் வர விடக் கூடாது.

1990களில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியாக்கத்தை வைத்திருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து டேம், டேப் குறியாக்கங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் தமிழ்நாடு அரசு தரப்படுத்தியது. 2010இல் யுனிகோடை அரசு ஏற்றது. இன்று வலைப்பக்கத்துக்கு யுனிகோட் ஒன்றே வழி. அதைக் கோப்பில் சேமிக்கும் முறைதான் யுடிஎஃப்-8. இதில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று பைட். 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள் உள்ளன. ஆகவே 15 பைட். மாணவர்கள் இதைத் தாங்களே கோப்பின் அளவைப் பார்த்துச் சரிபார்க்கலாம்.

திரையில் தெரியும் குப்பை எந்த வகை என்று பார்த்தாலே காரணத்தைச் சொல்லிவிடலாம்.

தமிழுக்குப் பதில் கேள்விக்குறிகள் வந்தால், கோப்பு ஆன்சி முறையில் சேமிக்கப்பட்டிருக்கிறது. அந்த எழுத்துகள் போனவைதான்; மீண்டும் தட்டச்சு செய்ய வேண்டும். 2019 மே மாதம் வெளியான விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து நோட்பேட் தானாகவே யுடிஎஃப்-8 முறையில் சேமிக்கிறது. பழைய விண்டோஸ் உள்ள கணினிகளில் நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மேலே சிறு கோடு போட்ட ஆங்கில 'ஏ' எழுத்தும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் திரும்பத் திரும்ப வந்தால், கோப்பு சரியாகவே இருக்கிறது. உலாவி தவறாகப் படிக்கிறது. ஹெட் பகுதியில் மெட்டா ஒட்டு எழுதி, கேர்செட் பண்புக்கூறுக்கு யுடிஎஃப்-8 என்று மதிப்புக் கொடுத்தால் சரியாகிவிடும்.

கட்டம் கட்டமாக வந்தால், அந்தக் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை.

அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள் வந்தால், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை ஒட்டியிருக்கிறார்கள். பழைய வினாத்தாள்களிலிருந்து எடுக்கும்போது இது நடக்கும். யுனிகோடுக்கு மாற்றும் மாற்றியைப் பயன்படுத்த வேண்டும்.

இந்த நான்கையும் ஒரு அட்டையில் எழுதி ஆய்வகச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். என்னைக் கூப்பிடும் முன் மாணவர்கள் அதைப் பார்க்கிறார்கள். கோப்புப் பெயர்களுக்கு மட்டும் ஆங்கிலச் சிறிய எழுத்துகளைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். நடுவில் இடைவெளி வேண்டாம். விண்டோஸில் பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் வேறுபாடு கிடையாது. பெரும்பாலான வலைச் சேவையகங்கள் லினக்ஸில் இயங்குவதால் அங்கே வேறுபாடு உண்டு. ஆய்வகத்தில் தெரிந்த படம் இணையத்தில் ஏற்றியதும் தெரியாமல் போவதற்கு இது ஒரு பொதுவான காரணம்.

எதைப் படிப்பது, எதை விடுவது

பாடநூலே முதல் வளம். தமிழில் கூடுதலாகப் படிக்க, 2012 முதல் வெளிவரும் கணியம் இதழ் சார்ந்த வெளியீடுகள் உள்ளன. து. நித்யா எழுதிய 'எளிய தமிழில்' வரிசையில் எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். நூல்கள் இலவச மின்னூல்களாகக் கிடைக்கின்றன. ஒருமுறை பதிவிறக்கி ஆய்வகக் கணினிகளில் போட்டுவைத்தால் இணையமின்றியே படிக்கலாம்.

ஆங்கிலத்தில் டபிள்யூ3ஸ்கூல்ஸ், மொசில்லாவின் எம்.டி.என். ஆகிய இரண்டும் பரவலாகப் பயன்படுபவை. முதலாவதில் சிறு எடுத்துக்காட்டுகளை அங்கேயே மாற்றிப் பார்க்கலாம், தொடக்கநிலைக்கு ஏற்றது. அது வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் தளம் அன்று, தனியார் நிறுவனத்தின் தளம். எம்.டி.என். விரிவானது, நுட்பமானது, ஆசிரியருக்கு ஐயம் வரும்போது அங்கே பார்ப்பது நல்லது.

புதிதாக ஒரு நூலோ காணொளியோ கிடைத்தால் அதன் வயதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. எழுத்தின் நிறத்தை மாற்ற ஃபான்ட் ஒட்டையும், நடுவில் வைக்க சென்டர் ஒட்டையும் கற்பித்தால் அது பழைய வளம். 2014இல் பரிந்துரையான எச்.டி.எம்.எல்.5இல் இவை வழக்கொழிந்தவை. பாடத்தில் இத்தகைய ஒட்டுகள் வந்தால் தேர்வுக்காகப் படிக்கட்டும். சொந்தமாகப் பக்கம் செய்யும்போது அந்த வேலைக்கு சி.எஸ்.எஸ். பயன்படுத்தட்டும். இரண்டையும் ஏன் என்று சொல்லிவிட்டால் மாணவர்கள் குழம்புவதில்லை.

செயற்கை நுண்ணறிவைத் தடுத்துப் பயனில்லை. வரிசையை மட்டும் நாம் வகுக்கலாம். கையால் ஒரு முழுப்பக்கம் எழுதிக் காட்டிய மாணவர் அதைப் பயன்படுத்தலாம். அது எழுதித் தந்ததில் நான் கைவைக்கும் எந்த வரிக்கும் அவர் விளக்கம் சொல்ல வேண்டும். சொல்ல முடியாத வரியை அழித்துவிட வேண்டும். இந்த ஒரு விதி போதுமானதாக இருக்கிறது.

கணினி இல்லாமல் பயிற்சி

வீட்டுப்பாடத்துக்குத் தாளே போதும். ஒருவர் ஒட்டுகளோடு ஒரு பக்கத்தை எழுதுவார். மற்றவர் 'உலாவி'யாக இருந்து, எழுதியதை அப்படியே படித்து, பக்கம் எப்படித் தோன்றும் என்று வரைவார். மூடாத ஒட்டு இருந்தால் பக்கம் முழுவதும் தலைப்பாகவே வரும், வகுப்பே சிரிக்கும். ஆறாம் வகுப்பு மாணவர்களுடனும் இதைச் செய்யலாம். தொடக்கப் பள்ளியில் தலைப்பு, பத்தி, பட்டியல் என்று மூன்று வண்ண அட்டைகளை வைத்து, தமிழ்ப் பாடத்தின் ஒரு பக்கத்தைப் பிரித்து அடையாளப்படுத்தச் சொல்லலாம்.

கைபேசியில் எடிட்டர் செயலிகள் உள்ளன. ஆனால் குடும்பத்தின் வங்கிச் செயலியும் அதே கைபேசியில்தான் இருக்கும். முன்பின் தெரியாத செயலியை ஏற்றச் சொல்லி நாம் பரிந்துரைக்கக் கூடாது.

எட்டுப் பாடவேளைகள்

1. தாளில் பக்கம் வரைதல், 'உலாவி' விளையாட்டு.
2. நோட்பேடில் தலைப்பும் பத்தியும் எழுதிச் சேமித்து, உலாவியில் திறத்தல்.
3. தமிழ்99 அல்லது ஒலிப்பு முறையில் தமிழ் உள்ளிடுதல், யுடிஎஃப்-8.
4. பட்டியலும் அட்டவணையும்.
5. படமும் இணைப்பும், கோப்புறைகளை ஒழுங்காக வைத்தல்.
6. தனிக் கோப்பில் சி.எஸ்.எஸ்.: நிறம், எழுத்தளவு, வரி இடைவெளி. தமிழுக்கு வரி இடைவெளியைச் சற்றுக் கூட்டி வைத்தால் படிக்க எளிது.
7. ஆசிரியர் தரும் பக்கத்தில் ஐந்து பிழைகளைக் கண்டுபிடித்தல். உலாவி பல பிழைகளைப் பொறுத்துக்கொண்டு பக்கத்தைக் காட்டிவிடும் என்பதையும், இணையம் இருந்தால் டபிள்யூ3சி சரிபார்ப்பானில் கோப்பை ஏற்றிச் சோதிக்கலாம் என்பதையும் இங்கே சொல்லலாம்.
8. வேறு வகுப்பு மாணவர்களுக்குத் தன் பக்கத்தைக் காட்டி விளக்குதல்.

பக்கத்துக்கான பொருளை ஊரிலிருந்தே எடுக்கச் சொல்கிறேன். ஆடித்தபசு, விசைத்தறிச் சேலை, பூலித்தேவர் வரலாறு என்று வந்திருக்கின்றன. ஒரு மாணவி மல்லிகை, பிச்சி, கனகாம்பரம் விலைகளை அட்டவணையாகப் போட்டாள். அம்மா பூக்கட்டுபவர். மறுநாளே விலை மாறிவிட்டது. பக்கத்தில் தேதி போட வேண்டும் என்பதை அவளே கண்டுபிடித்தாள். "ஒவ்வொரு நாளும் நானே மாத்தணுமா, சார்?" என்று அடுத்து கேட்டாள். ஜாவாஸ்கிரிப்டும் அடுத்த ஆண்டு வரும் பி.எச்.பி.யும் எதற்கு என்பதை விளக்க இதைவிட நல்ல கேள்வி எனக்குக் கிடைத்ததில்லை.

வெளியிடும் முன்

எல்லாப் பக்கங்களையும் இணையத்தில் ஏற்ற வேண்டியதில்லை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தன்று ஆய்வகத்தில் பெற்றோருக்குத் திறந்து காட்டினாலே போதும். ஏற்றுவதாக இருந்தால் மாணவர்களின் முகம் தெரியும் படம், கைபேசி எண், முகவரி ஆகியவை இருக்கக் கூடாது. 2023ஆம் ஆண்டு எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவர்களைக் குழந்தைகளாகவே கொள்கிறது. அவர்களது தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. படங்களை மாணவர்களே எடுக்கலாம், அல்லது உரிமக் குறிப்போடு விக்கிமீடியா பொதுவகத்திலிருந்து எடுக்கலாம். கூகுளில் தேடிக் கிடைத்தவை எல்லாம் இலவசம் அல்ல என்பதையும் இந்தப் பாடத்திலேயே கற்பித்துவிட வேண்டும்.

நம் தென்காசி மாவட்டத்தில் மத்தளம்பாறையில் சோஹோ நிறுவனம் இயங்குகிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கும் பயிற்சி தந்து பணியில் சேர்க்கும் பள்ளியையும் அந்நிறுவனம் நடத்துகிறது. நம் மாணவர்கள் அத்தகைய இடங்களின் வாசலில் நிற்கும்போது, எத்தனை மென்பொருள்களின் பெயர் தெரியும் என்பது பெரிதாகாது. கண் முன்னால் இருக்கும் பக்கத்தில் எந்த வரி எதைச் செய்கிறது என்று சொல்லத் தெரிய வேண்டும். அதற்கான பயிற்சியை இன்றைக்கு ஆய்வகத்தில் இருக்கும் நோட்பேடிலும் உலாவியிலுமே தொடங்கிவிடலாம். வரும் வாரம் ஒரு பாடவேளை ஒதுக்கி, முதலில் தாளில் 'உலாவி' விளையாட்டை நடத்திப் பாருங்கள்.